மௌனத்துக்கு வாடகை

வைகாசிப் பௌர்ணமிக்கு
சோனவணே அக்கா தரும் முன்பணம்
எப்போதும் ஐந்நூறு.
எண்ணிவிட்டு மறுபடி எண்ணி,
என்னை நம்பாமல் இல்லை, நோட்டை நம்பாமல்.

மான்குர்தில்
ரேஷன் கடைக்கும் பொதுக் கழிப்பிடத்துக்கும் நடுவே
பத்துக்குப் பன்னிரண்டு அடி விஹார்.
உள்ளே புத்தர், நீலக் கோட்டுப் படம், ஒரு மின்விசிறி.
மற்ற எல்லாரும் தெருவில்,
வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாக.

தாராவியிலிருந்து டெம்போவில் போவேன்.
நாலு பெட்டி, இரண்டு கூம்பு,
ஜெனரேட்டர், வயர் சுற்ற ஏசுமணி.
பிள்ளையாருக்குக் கட்டியதும் இதே பெட்டி.
ஆடிக் கூழுக்கும் இதே.
மாதா தேருக்கும் இதே, அன்றைக்கு மட்டும்
கூம்பின் வாயைத் துடைத்துத் தரச் சொல்வார் பங்குச் சாமியார்.
சாமிகளை நான் சத்தத்தால் அறிவேன்:
யாருக்கு பாஸ் வேண்டும்,
எந்த இடத்தில் எதிரொலி வைத்தால் அருள் வரும்.

புத்தர் சிக்கனமான ஆள்.
ஒரே மைக், நடுக்குரல்.
'கச்சாமி'யின் வாலைப் பிடித்து முந்நூறு பேர் இழுப்பார்கள்,
அங்கே மட்டும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.
ஐந்து சீலத்தில் ஐந்தாவது வரும்போது
'சுரா' என்ற சொல் எனக்குப் புரியும்,
ஏசுமணிக்கும் புரியும்,
டெம்போ சீட்டுக்கு அடியில் கிடக்கும் குவார்ட்டருக்கும்.
மூவரும் அந்நேரம்
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

இந்த வருடம் புது பந்தே.
இளையவர். மேல்காதில் பழைய கடுக்கன் துளை
இன்னும் தூரவில்லை.
என் மேஜைக்கு வந்து இந்தியில் கேட்டார்:
"பத்து நிமிடம் மௌனம் வேண்டும், கிடைக்குமா?"
நாலு நாற்காலி கூடுதலாகக் கேட்பதுபோல்.
அணைத்துவிட்டால் போச்சு என்றேன்.

மைக்கை அணைத்தேன்.
பெட்டிகள் ம்ம்ம் என்றன.
இருபது வருடமாய்ப் பாட்டுக்கு அடியில்
படுத்துக் கிடந்திருக்கிறது அந்த ம்ம்ம்.
ஆம்ப்ளிஃபையரை நிறுத்தினேன்.
ஜெனரேட்டர் கேட்டது.
ஏசுமணிக்குக் கையைக் காட்டினேன்.
சரவிளக்குகள் ஒரே மூச்சில் போக
ஐந்து நிறக் கொடி
ஒரே நிறமானது.

துறைமுக லைன் ரயில் ஒன்று போய் முடிந்தது.
யார் வீட்டிலோ குக்கர் மூன்றாவது விசிலோடு அடங்கியது.
பால் குடித்த குழந்தை ஒன்று
முலையை விட்ட சத்தம்கூடக் கேட்டது,
அவ்வளவு.
நிலா குப்பைமேட்டின் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது.

அப்புறமும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.
மெல்லிய, நீண்ட, ஙீஈஈ.
எந்தப் பெட்டி?
குனிந்து ஒவ்வொரு ஒயராகத் தடவினேன்.
எல்லா முள்ளும் பூஜ்யத்தில்.
பிளக்கைக்கூடப் பிடுங்கிப் பார்த்தேன்.
முந்நூறு பேர் கண்மூடி இருக்க
நான் ஒருவன் திருடனைப்போல் தேடினேன்.
உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான்
புத்தருக்கு எவ்வளவு நீளக் காது!
என் கை தானாக மேலே போய்
இடது காதைப் பொத்தியது.
சத்தம்
கூடியது.

அதற்கு ஸ்விட்ச் இல்லை.
மிச்ச நேரம் அதோடு உட்கார்ந்திருந்தேன்,
வாடகைக்கு வந்தவனும் குடியிருப்பவனும்
ஒரே படியில் உட்காருவதுபோல்.

பத்தரைக்கு எல்லாம் கழற்றினோம்.
பேப்பர் கப்பில் பாயசம், ஏலக்காய் தூக்கல்.
சோனவணே அக்கா எண்ணினார், மறுபடி எண்ணினார்,
"பத்து நிமிடம் ஓடவில்லையே, கழிக்கட்டுமா?" என்றார்,
சிரித்தாரா என்று இருட்டில் தெரியவில்லை.
டீசலுக்கு மட்டும் கழியுங்கள் என்றேன்.

மேம்பாலம் ஏறும்போது
சீட்டுக்கு அடியில் பாட்டில் உருண்டது.
ஏசுமணி எடுத்தான், மூடியைத் திருகாமல்
மடியில் வைத்துக்கொண்டான். இருபத்திரண்டு வயது.
காதில் ஒரு சத்தம் இருக்குடா, நிக்கவே மாட்டேங்குது என்றேன்.
"எந்தக் காதுண்ணே?"
இடது.
"எனக்கு ரெண்டும்" என்றான்.